பழநி பாதயாத்திரைக் குருசாமிகளுக்கு: நோட்டீஸில் திரும்பும் நாளையும் சேருங்கள்

பாதயாத்திரைக் குழுக்களை நடத்தும் குருசாமிகளுக்கும் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

மார்கழியிலேயே உங்கள் நோட்டீஸ் அச்சாகிவிடும். எந்த ஊரில் காலை டிபன், எந்த மண்டபத்தில் இரவுத் தங்கல் என்று எல்லாம் மணிக்கணக்கோடு இருக்கும். கடைசி வரி மட்டும் எல்லாக் குழுவுக்கும் ஒன்றுதான்: 'பழநி சேர்தல், தரிசனம், ஊர் திரும்புதல்.' வழியில் கால் கழுவி மருந்து போடும் முகாம்காரர்களான நாங்கள் இந்த மடலை எழுதுவது அந்த 'ஊர் திரும்புதலு'க்காகத்தான்.

அன்னதானப் பந்தல், மருந்து முகாம், கால் அமுக்கிவிடுபவர்கள் எல்லாம் பழநிக்குப் போகும் பக்கம் மட்டுமே. தரிசனம் முடிந்து இறங்கியவரை யாரும் கேட்பதில்லை. காவடியோடு நடந்தே ஊர் திரும்பும் நகரத்தார் குழுக்கள் திரும்பும் நாட்களையும் சேர்த்தே கணக்குப் போடுகிறார்கள். மற்ற குழுக்கள் அன்றிரவே பஸ் ஏறுகின்றன. தைப்பூசத்துக்கு 2021 முதல் அரசு விடுமுறை உண்டு, ஆனால் அது ஒரு நாள்தான். 2026இல் பூசம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. திங்கள் காலை ஷிப்டுக்குப் போக வேண்டியவர்களின் கால் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

முதலில் மலை இறக்கம். ஏறுவதைவிட இறங்குவதுதான் தொடையைக் கெடுக்கும். ஒவ்வொரு படியிலும் உடல் எடை முழுவதையும் முன்தொடைத் தசை நீண்டபடியே தாங்குகிறது. அந்த வலி அன்றைக்குத் தெரியாது. இரண்டாம் நாள், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும். பூசக் கூட்டத்தில் ஏற யானைப்பாதை, இறங்கப் படிப்பாதை என்று ஒருவழியாக்கிவிடுகிறார்கள். ஆகவே அறுநூற்றுச் சொச்சம் படிகளையும் இறங்கித்தான் ஆக வேண்டும். முட்டி வலிக்காரரைக் கைப்பிடிப் பக்கமாக விடுங்கள், வலிக்கிற காலை முதலில் கீழே வைக்கச் சொல்லுங்கள். முடியாதவர் விஞ்சுக்கோ (மலையில் கம்பியால் இழுக்கும் ரயில்) ரோப்காருக்கோ நிற்கட்டும். அதற்கும் முடியாவிட்டால் அடிவாரத்தில் திருஆவினன்குடியில் கும்பிட்டுவிட்டுப் போவதில் எந்தக் குறையும் இல்லை. மலைக்கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது என்பதால் பிரிந்தவரைத் தேடி அலைவதும் இங்கேதான். ஏறும் முன்பே அடிவாரத்தில் கூடும் இடத்தையும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது கொப்புளம். வழியில் கட்டுப் போட்ட கொப்புளம் சண்முகநதிக் குளியலில் ஊறி, தோல் பிய்ந்து, தரிசன வரிசையில் மண்ணோடு தேய்கிறது. சீழ் பிடிப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். குளித்த பிறகு நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி, துடைத்து, புதுக் கட்டுப் போட வேண்டும். உடையாத கொப்புளத்தைத் தொடவே கூடாது. உடைந்திருந்தாலும் மேல்தோலைக் கத்தரிக்காதீர்கள், அதுதான் இயற்கையான கட்டு. மஞ்சள்தூள், காபித்தூள், பேட்டரித் தண்ணீர் (ஆமாம், அதையும் ஊற்றுகிறார்கள்) எதுவும் வேண்டாம். முள்ளோ கண்ணாடியோ குத்தியிருந்தால் ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் அன்றே டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி பற்றி மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

சர்க்கரைக்காரர்களுக்குத் தனி வரிசை போட்டாலும் தகும். அவர்களில் பலருக்குக் காலில் உணர்ச்சி குறைவு. புண் இருப்பதே தெரியாமல் சிரித்துக்கொண்டு பஸ் ஏறுவார்கள். ஏறும் முன் இன்னொருவர் டார்ச் அடித்து உள்ளங்கால், விரலிடுக்கு, குதிகால் மூன்றையும் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் போன பிறகு ஒரு வாரம் தினமும் அதே சோதனை. நடைக்காக மருத்துவர் மாத்திரையையோ இன்சுலினையோ குறைத்திருந்தால், நடை நின்றதும் பழைய அளவு எப்போது என்று அவரையே கேட்க வேண்டும். பஞ்சாமிர்த டப்பா மடியில் இருக்கும்போது இதை மறப்பது எளிது.

வலி மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. தண்ணீர் குடிக்காத உடம்பில் டைக்ளோபெனாக் போன்றவற்றை நாளுக்கு மூன்று நான்கு என்று போட்டால் சிறுநீரகம் அடிவாங்கும். சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் போனால் அது சூடு அல்ல. தசை சிதைந்து ரத்தத்தில் கலந்திருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரி. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று அச்சிட்டிருக்கிறதோ அவ்வளவில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர். டம்ளரில் கொட்டிக் குடித்தால் வயிற்றுப்போக்குதான் மிச்சம்.

பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் வீங்கத்தான் செய்யும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறக்கி ஐந்து நிமிடம் நடக்க விடுங்கள், கணுக்காலை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். இரண்டு காலும் ஒரே அளவு வீங்கினால் படுத்துத் தலையணை மேல் தூக்கி வைக்கத் தணியும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, அமுக்கினால் வலித்தால் ரத்தம் கட்டியிருக்கலாம். அந்தக் காலுக்கு எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது ஆபத்து. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108தான்.

இவ்வளவையும்விட எங்களுக்குப் பயமாக இருப்பது உங்கள் டிரைவர். சாமான் வண்டியை நாள் முழுக்க முதல் கியரில் உருட்டி, இரவில் மைக் செட்டுக்கும் சமையலுக்கும் நடுவே அரைத்தூக்கம் தூங்கியவர் அவர். நடந்தவர்கள் தூங்க, அவரிடம் இரவோடு இரவாக நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டச் சொல்கிறீர்கள். மற்றவர்கள் மலைக்குப் போகும் நேரத்தில் அவரை ஆறு மணி நேரமாவது படுக்க வையுங்கள். அவர் தரிசனம் முதல் நாளோ மறுநாளோ ஆகட்டும். அல்லது திரும்புவதற்கு மட்டும் ஊரிலிருந்து வேறு டிரைவரை வரவழையுங்கள், செலவு ஒரு பஸ் டிக்கெட்டும் ஒரு நாள் பேட்டாவும். குட்டியானையில் அண்டா, ஜமக்காளத்தின் மேல் ஆட்களை ஏற்றவே கூடாது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தப்பு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிடைப்பதும் சிக்கல்.

மாலையை எங்கே கழற்றுவது என்பது அவரவர் வழக்கம், அதில் நாங்கள் தலையிடவில்லை. விரதம் முடிந்த கையோடு வழியிலேயே பிரியாணிக் கடையில் நிறுத்துவதைத்தான் தள்ளிப் போடச் சொல்கிறோம். பல நாள் லேசான சாப்பாட்டுக்குப் பழகிய வயிறு பஸ்ஸில் பதில் சொல்லும். ஒருவேளை இட்லி, ஒருவேளை ரசம் சாதம், பிறகு உங்கள் இஷ்டம்.

வெறுங்காலில் நடந்து வெடித்த பாதத்தை உடனே ஷூவுக்குள் திணித்தால் கொப்புளம் மறுபடி உடையும். ஆறும்வரை அகலமான செருப்பு போதும். நின்றுகொண்டே மில்லில் வேலை பார்ப்பவர்கள், மூட்டை தூக்குபவர்களுக்குக் குறைந்தது இரண்டு நாள் ஓய்வு வேண்டும். மேஸ்திரியிடம் அவர்கள் கேட்கத் தயங்குவார்கள். நீங்கள் கேட்டால் மறுக்க மாட்டார்.

அடுத்த நோட்டீஸில் கடைசி வரியை இப்படி அச்சிடலாம்: 'தரிசனம், பழநியில் இரவுத் தங்கல், கால் சோதனை, மறுநாள் காலை 6 மணிக்குப் புறப்பாடு, அதன்பின் 2 நாள் ஓய்வு.' மண்டப வாடகை ஒரு நாள் கூடும். பூச நாளில் மண்டபம் கிடைக்காது என்றால் நடையையே இரண்டு மூன்று நாள் முன்னால் தொடங்குங்கள். பூசம் முடிந்த பிறகு வரும் எடப்பாடிக் குழுவினருக்கும் அதே முருகன்தான் தரிசனம் தருகிறான்.

அரோகரா.

இப்படிக்கு,
வழிநடை முதலுதவி முகாம் தொண்டர்கள்