மின்னஞ்சல் மென்பொருள் ஒப்பீட்டில் விடுபட்டது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அவுட்லுக், தண்டர்பேர்டு, எவல்யூஷன், ஜிமெயில் ஆகியவற்றை ஒப்பிட்டுத் தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். விலை, தோற்றம், தேடும் வேகம், கைப்பேசியில் இயங்கும் வசதி ஆகியவற்றைக் கட்டுரையாளர் பொறுமையாக எடைபோட்டிருக்கிறார். ஆனால் ஒரு மென்பொருளுக்குள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த கடிதங்களும் முகவரிகளும் தேதிக் குறிப்புகளும், அதைவிட்டு நாம் விலக நேரும் நாளில் சிதையாமல் வெளியே வருமா என்ற கேள்வி கட்டுரையில் எங்குமே எழவில்லை. சிவகாசியில் அச்சகங்களுக்கும் தணிக்கையாளர் அலுவலகங்களுக்கும் கணினிப் பராமரிப்பு செய்துவரும் நான், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்கப்பட வேண்டிய கேள்வி அதுதான் என்று உறுதியாக நம்புவதால் இதை எழுதுகிறேன்.

இத்தகைய மென்பொருள்கள் நெடுநாள் நிலைப்பதில்லை. தொண்ணூறுகளில் பல அலுவலகங்களில் பயன்பட்ட லோட்டஸ் ஆர்கனைசர், வளையம் கோத்த டைரியின் உருவிலேயே திரையில் விரியும். நாட்குறிப்பு, முகவரி, செய்ய வேண்டிய வேலைகள் எல்லாம் அதற்குள் அடங்கும். ஐபிஎம் நிறுவனம் 2014-இல் அதற்கான ஆதரவை முடித்துக்கொண்டது. அதன் கோப்புகள் அதற்கே உரிய வடிவத்தில் இருந்ததால், உரிய காலத்தில் மாற்றிக்கொள்ளாதவர்களின் குறிப்புகளை மீட்பது பெரும்பாடாகிவிட்டது. 1988-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டோர்னர் உருவாக்கி, பின்னர் குவால்காம் நிறுவனத்தின் கைக்குப் போன யுடோரா என்னும் மின்னஞ்சல் மென்பொருளும் 2006-இல் வணிகரீதியாக நிறுத்தப்பட்டதுதான். ஆனால் யுடோரா கடிதங்களைச் சாதாரண உரைக் கோப்புகளாகச் சேமித்தது. ஆகவே அந்தக் கடிதங்களை இன்றும் எடுத்துப் படிக்க முடிகிறது.

கட்டுரையில் முதல் இரண்டு இடங்களைப் பெற்ற தண்டர்பேர்டு, அவுட்லுக் இரண்டையும் இந்தக் கண்கொண்டு பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். தண்டர்பேர்டு இன்பாக்ஸ் போன்ற ஒவ்வொரு மடலுறைக்கும் (ஃபோல்டருக்கும்) எம்பாக்ஸ் என்ற வடிவில் ஒரு கோப்பை வைத்துக்கொள்கிறது. அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்தாலே அனுப்புநர், தேதி, பொருள் என்று ஒவ்வொரு கடிதமும் வரிசையாகக் கண்ணுக்குத் தெரியும். இணைப்புகளும் தமிழில் எழுதிய பகுதிகளும் பெரும்பாலும் வேறு எழுத்துக்குறிகளாக மாற்றிய குறியாக்கத்தில் இருக்கும் என்றாலும், அந்தக் குறியாக்கத்தின் விதி ஊரறிந்தது, எந்த மென்பொருளும் அதை அவிழ்த்துவிடும். இதிலும் குறைகள் உண்டு. அழித்த கடிதம் கோப்பைச் சுருக்கும்வரை உள்ளேயே கிடக்கும். ஒரு மடலுறை முழுவதும் ஒரே கோப்பாக இருப்பதால், ஏதோ ஒரு கடிதத்தில் வந்த வைரஸுக்காக வைரஸ் தடுப்பு மென்பொருள் மொத்த இன்பாக்ஸையும் ஒதுக்கி வைத்துவிடவும் கூடும். கடிதத்துக்கு ஒரு கோப்பு என்னும் மெயில்டிர் முறையையும் தண்டர்பேர்டில் தேர்ந்தெடுக்கலாம் என்பதைக் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கலாம்.

பழைய அவுட்லுக் மென்பொருளோ கடிதம், நாட்காட்டி, முகவரி அனைத்தையும் பிஎஸ்டி என்ற ஒரே கோப்புக்குள் அடைக்கிறது. 2002 பதிப்பு வரை அக்கோப்பின் எல்லை 2 ஜிபி. அந்த எல்லையை எட்டிய கோப்புகள் பழுதாகித் திறக்க மறுத்ததும் உண்டு. 2003-இல் வந்த புதிய வடிவம் எல்லையை 20 ஜிபியாகவும், 2010 பதிப்பு 50 ஜிபியாகவும் உயர்த்தின. பிஎஸ்டியின் உள்ளமைப்பை விளக்கும் ஆவணத்தை மைக்ரோசாஃப்ட் 2010-இல் பொதுவில் வெளியிட்டதால், அதைப் படிக்கும் கட்டற்ற மென்பொருள்களும் இருக்கின்றன. இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். பெரிய அலுவலகத்தில் பலருடைய நேரத்தையும் பார்த்துக் கூட்டத்துக்கு நாள் குறிக்கும் வேலையில், மைக்ரோசாஃப்டின் அலுவலக மின்னஞ்சல் சர்வரான எக்ஸ்சேஞ்சுடன் இணைந்த அவுட்லுக்குக்கு ஈடு சொல்வதும் கடினம். ஆனால் நான்கு பேர் வேலை செய்யும் அச்சகத்துக்கு அந்தத் திறமை தேவைப்படுவதே இல்லை.

முகவரிப் பட்டியலில்தான் தமிழர்களாகிய நாம் மிகுதியாக அடிபடுகிறோம். நான் பராமரிக்கும் அச்சகம் ஒன்றில், காலண்டர் ஆர்டர் கொடுக்கும் வாடிக்கையாளர்களின் பெயர்களைத் தமிழிலேயே பதிந்து வைத்திருந்தார்கள். மென்பொருளை மாற்ற முனைந்து பட்டியலை சிஎஸ்வி என்னும் எளிய அட்டவணைக் கோப்பாக ஏற்றுமதி செய்தபோது, தொலைபேசி எண்கள் எல்லாம் ஒழுங்காக வந்தன. பெயர் இருக்க வேண்டிய கட்டங்களில் மட்டும் வரிசையாகக் கேள்விக்குறிகள் நின்றன. யூனிகோடு அல்லாத பழைய குறியாக்கத்தில் அந்த மென்பொருள் கோப்பை எழுதியதே காரணம். அப்படி எழுதப்பட்ட கேள்விக்குறியிலிருந்து மூல எழுத்தைத் திரும்பப் பெற எந்த வழியும் கிடையாது. பழைய மென்பொருளை நீக்கிய பிறகு இதைக் கவனித்திருந்தால் அந்தப் பட்டியலின் கதி என்னவாகியிருக்கும்! முகவரிகளுக்கான விகார்டு 4.0 வடிவம் யூனிகோடின் யூடிஎஃப்-8 குறியாக்கத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நாட்காட்டிக்கான ஐகேலண்டர் வடிவமும் அதையே இயல்பாகக் கொண்டது. இவ்வடிவங்களில் ஏற்றுமதி செய்யும் மென்பொருளில் நம் பெயர்கள் பிழைக்கும். சர்வரோடு நேரடியாக ஒத்திசைய, நாட்காட்டிக்குக் கால்டேவ், முகவரிகளுக்குக் கார்டுடேவ் என்னும் பொது நெறிமுறைகளும் இருக்கின்றன. தண்டர்பேர்டும் எவல்யூஷனும் இவ்விரண்டையும் ஏற்கின்றன. பழைய அவுட்லுக் கூடுதல் மென்பொருள் இல்லாமல் ஏற்பதில்லை.

விண்டோஸுடன் இலவசமாக வந்த மெயில், காலண்டர் செயலிகளுக்கான ஆதரவு 2024 இறுதியோடு முடிந்து, அவற்றின் இடத்தில் புதிய அவுட்லுக் அமர்ந்திருக்கிறது. வேறு நிறுவனத்து மின்னஞ்சல் கணக்கை இதில் சேர்த்தால், கடிதங்களின் நகல் மைக்ரோசாஃப்டின் சர்வர்களுடனும் ஒத்திசைக்கப்படும் என்று அந்நிறுவனமே அறிவித்திருக்கிறது. இதில் ஒளிவுமறைவு இல்லை என்றாலும், வாடிக்கையாளரின் வருமான விவரங்களைக் கையாளும் தணிக்கையாளர் இதை அறிந்துதான் ‘சரி’ என்று அழுத்த வேண்டும். ஒப்பீட்டுக் கட்டுரை இதைச் சொல்லாமல் விட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது.

ஜிமெயிலைப் பொறுத்தவரை, கூகுளின் டேக்அவுட் என்னும் தரவிறக்க வசதி வழியாகக் கடிதங்களை எம்பாக்ஸ் வடிவிலும் நாட்காட்டியை ஐகேலண்டர் வடிவிலும் இறக்கிக்கொள்ள முடிவது பெரிய நன்மை. புகைப்படங்களோடு பங்கிட்டுக்கொள்ளும் 15 ஜிபி இடம் நிரம்பினால் புதிய கடிதம் வருவது நின்றுபோகும் என்பதையும், இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்ட தனிநபர் கணக்கை கூகுள் நீக்கக்கூடும் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து இயங்கும் ஸோகோவின் மெயில் சேவை ஒப்பீட்டில் இடம்பெறாதது வியப்பளிக்கிறது. அதைச் சேர்க்கும்போது, சர்வரில் உள்ள கடிதங்களை வேறு மென்பொருளுடன் ஒத்திசைக்கும் ஐமேப் வசதி எந்தத் திட்டத்தில் உண்டு, எதில் இல்லை என்பதையும் அட்டவணையில் காட்டினால் சிறு வணிகர்களுக்கு உதவும். ஐமேப் இருந்தால் கடிதங்களைத் தண்டர்பேர்டு போன்ற மென்பொருளில் இறக்கி, அலுவலக ஹார்ட் டிஸ்க்கில் தனியே ஒரு பேக்கப் எடுத்து வைக்க இயலும். சர்வரில் அழிந்த கடிதம் ஐமேப் ஒத்திசைவில் கணினியிலும் அழிந்துவிடும் என்பதால், அந்த பேக்கப் ஒத்திசைவுக்கு வெளியே இருப்பது அவசியம்.

அடுத்த முறை இத்தகைய ஒப்பீட்டை வெளியிடும்போது, ஏற்றுமதி வடிவங்களுக்கும் பொது நெறிமுறைகளுக்கும் அட்டவணையில் இடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மதிப்பெண் வழங்குவதற்கு முன், தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு முகவரியையும், தமிழில் பொருள் எழுதிய ஒரு கடிதத்தையும் ஒவ்வொரு மென்பொருளிலிருந்தும் வெளியே எடுத்து, இன்னொன்றில் ஏற்றிப் பார்த்து, கிடைத்த முடிவை அப்படியே அச்சிட வேண்டும் என்பதும் என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்பாளர் ஒருவர்,
சிவகாசி.