கொள்ளு மூட்டையோடு ஓடி வராதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்தேன். சாலையோரம் எலும்பும் தோலுமாக ஒரு குதிரை. அதன் முன்னால் சிமெண்டுச் சாக்கை விரித்து, குவியலாகக் கொள்ளு. சுற்றிலும் நாலைந்து பேர் சிரித்தபடி நிற்கிறார்கள். அவர்கள் மனசைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குவியலைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

நான் பழனிக்காரன். அப்பா அடிவாரத்தில் ஜட்கா, அதாவது குதிரை வண்டி, ஓட்டினார். எனக்கு அந்தப் பிழைப்பு வேண்டாம் என்று டூ வீலர் மெக்கானிக் ஆனேன். அப்படி ஓடி வந்தவன் தலையில் போன புரட்டாசியில் ஒரு குதிரை வந்து விழுந்தது. அப்பாவோடு வண்டி ஓட்டிய பெரியவர் ஒருவருடைய பெண் குதிரை. சவாரியை ஆட்டோக்கள் எடுத்துக்கொண்டன, பெரியவரும் படுத்துவிட்டார். குதிரை வீட்டுக்குப் பின்னால் ஒரு முளைக்குச்சியில் மாதக்கணக்கில் கட்டியபடியே கிடந்தது. நான் சத்தம் போடத்தான் போனேன். "நானே மாத்திரையில ஓடிட்டு இருக்கேன் தம்பி, இதுக்கு எங்க போவேன்?" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது? வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, கடைக்குப் பின்னால் இருக்கும் புங்கமரத்தடிக்கு நடத்திக் கூட்டி வந்தேன். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்குப் போன் செய்தேன். வந்த டாக்டரம்மா பல்லைப் பார்த்து வயது பதினைந்து இருக்கும் என்றார். சேணம் உரசிய புண்கள் இருந்ததால் முதலில் ரண ஜன்னி ஊசி போட்டார். அப்புறம் என் கையில் இருந்த கொள்ளுப் பையைப் பார்த்தார். "அண்ணா, பாசத்துல தீனி போட்டே கொன்னுடாதீங்க."

எனக்குச் சுருக்கென்றது. குதிரைக்குக் கொள்ளு என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. இங்கிலீஷில் அதன் பெயரே 'ஹார்ஸ் கிராம்' என்றுதானே இருக்கிறது. அவர் விளக்கினார். நாள்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று மாவுச்சத்து போய் இறங்கினால், ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பரஸ், மக்னீசியம் எல்லாம் மளமளவென்று செல்களுக்குள் போய்விடும். இதயமும் மூச்சும் தடுமாறும். தீனி போட்ட அன்று நன்றாகத்தான் இருக்கும். மூன்று, நான்கு நாள் கழித்து, தேறிவிட்டது என்று நாம் நினைக்கும்போது விழும். போதாததற்குக் குதிரைக்கு வாந்தி எடுக்கவும் வராது. உள்ளே போனது போனதுதான்.

அவர் சொன்னது காய்ந்த குதிரைமசால், மாட்டுக்குப் போடும் தீவனப் பயிர். அரைக் கிலோ, நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம், ராத்திரியிலும். பக்கத்தில் எப்போதும் தண்ணீர். தானியம் ஒரு பிடிகூடக் கூடாது. ஆயக்குடிப் பக்கம் பால்மாடு வைத்திருக்கும் நண்பர் குதிரைமசால் கொடுத்தார். இரண்டு மணிக்கு அலாரம் அடிக்கும்போதெல்லாம் வீட்டுக்காரம்மா, "நம்ம பிள்ளைங்களுக்குக்கூட நீங்க ராத்திரி எந்திரிச்சதில்ல" என்பாள். நாலாம் நாளிலிருந்து அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். பத்து நாளுக்குப் பிறகுதான் அது புல்லுக்குத் தானாகத் தலையை நீட்டியது. கொள்ளு கண்ணில் காட்டியது ஒன்றரை மாதம் கழித்து, அதுவும் வேகவைத்து ஒரு கை.

தீனியாவது பரவாயில்லை, குளம்புதான் பெரிய பாடு. முன்னங்கால் இடது குளம்பு, பழைய காலத்து ஜோடு மாதிரி நுனி வளைந்து வளர்ந்திருந்தது. தேய்ந்த லாடம் ஒற்றை ஆணியில் தொங்கி, உள்ளே அழுகல் நாற்றம். லாடம் அடிக்க ஆள் தேடினேன். மாட்டுக்கு அடிப்பவர்கள் கிடைத்தார்கள். வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மாட்டுக்குளம்பு பிளந்தது, லாடம் இரண்டு துண்டு, கயிறு போட்டுச் சாய்த்து அடிப்பார்கள். குதிரைக்கு ஒற்றை லாடம், நின்ற நிலையில், காலைத் தன் தொடை மேல் வைத்துக்கொண்டு அடிக்க வேண்டும். கடைசியில் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு பெரியவர் கிடைத்தார். எழுபதைத் தாண்டியவர். வந்ததும் கத்தியை எடுக்கவில்லை. பீடியை அணைத்துவிட்டு, கால் மணி நேரம் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு விளிம்பை மட்டும் சீவினார். ஒரே நாளில் வெட்டினால் ரத்தம் பார்க்கும், நடையும் போகும் என்றார். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராது. மேலிருந்து புதுக் குளம்பு தரைக்கு வந்து சேர ஏறக்குறைய ஒரு வருஷம். ஆறு வாரத்துக்கு ஒரு தரம் வந்து கொஞ்சம் சீவிவிட்டுப் போகிறார்.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1960-இல் வந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி, முதல் தடவை குதிரையை இப்படிப் போட்டு வைத்தால் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. அடிவாரத்தில் இரண்டு டீ, இரண்டு வடை. 1965-இல் வந்த விதிகள் இன்னும் விவரமானவை: நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் ஐந்து மணி நேரம் தாண்டக் கூடாது, வெயில் 37 டிகிரியைத் தாண்டும் ஊரில் மத்தியானம் பன்னிரண்டு முதல் மூன்று வரை பூட்டக் கூடாது, வண்டியில் ஓட்டுபவரையும் சின்னக் குழந்தைகளையும் விட்டு நாலு பேருக்கு மேல் ஏற்றக் கூடாது. நல்ல விதிகள்தான். தைப்பூசத்தில் என் அப்பா ஏழு பேரை ஏற்றியதை நான் பின்னால் தொற்றிக்கொண்டு பார்த்திருக்கிறேன். அவரைக் கொடுமைக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் குதிரை என்ன சொல்லியிருக்கும் என்பது வேறு விஷயம்.

அபராதத்தை ஐம்பதாயிரம் ஆக்கினாலும் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரிடமிருந்து அது வராது. குதிரையைப் பிடித்தால் கொண்டுபோய்க் கட்ட இடம் வேண்டும். 2015-இல் மும்பையில் விக்டோரியா என்னும் குதிரை வண்டிகள் சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் சொன்னபோது, மறுவாழ்வுக்கும் வழி செய்யச் சொன்னது. நம் பக்கத்தில் ஜட்கா யாரும் தடுக்காமல் தானாகவே ஒழிந்துகொண்டிருப்பதால் அப்படிக் கேட்கவும் ஆளில்லை. ஒவ்வொரு வட்டத்திலும், கால்நடை மருத்துவமனைக்குப் பக்கத்தில், நாலு குதிரை கட்ட ஒரு கொட்டகையும் கொஞ்சம் குதிரைமசாலும் இருந்தால் போதும் என்று நினைக்கிறேன்.

இப்போது தினமும் சாயங்காலம் அதை நடக்கக் கூட்டிப் போகிறேன். பழைய ஜட்கா ஸ்டாண்டு இருந்த இடம் வந்ததும் தானாக நின்றுவிடும். அங்கே இப்போது செல்போன் கடை. ஒரு ஐந்து நிமிஷம் நின்று, யாரும் ஏறவில்லை என்று தெரிந்தபிறகு நகரும். கடைக்காரப் பையன் முதலில் முறைத்தான். இப்போது வாளியில் தண்ணீர் வைக்கிறான்.

படத்தில் இருந்த குதிரை எந்த ஊர் என்று போடவில்லை. தெரிந்தவர்கள் அந்தச் சாக்கை எடுத்துவிட்டு 1962-க்குச் சொல்லுங்கள். இன்னொரு வேண்டுகோள்: லாடம் அடிக்கும் பெரியவருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. அவரிடம் தொழில் கற்க இரண்டு இளைஞர்கள் வந்தால் சொல்லித்தரத் தயாராக இருக்கிறார். மத்தியானச் சாப்பாடு என் வீட்டில்.

இப்படிக்கு,
ஒரு ஜட்காக்காரரின் மகன்,
பழனி.