அம்மணிக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள அம்மணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. மூன்று ஞாயிறாக நீ போன் செய்யவில்லை, வேலையாக இருப்பாய். சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதே.

தம்பி வந்திருந்தான். அந்தக் கம்பெனியில் உனக்கு ஐந்து ரவுண்டு இன்டர்வியூ வைத்தார்களாம், கடைசி ரவுண்டில் ஏதோ மரத்தைத் தலைகீழாகத் திருப்பி போர்டில் எழுதச் சொன்னார்களாம். கம்ப்யூட்டரில் தகவலைக் கிளை கிளையாக அடுக்குவதைத்தான் மரம் என்கிறார்களாம். அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கம்ப்யூட்டரில் மற்ற புரோகிராம்களை ஏற்றித் தருகிற ஹோம்ப்ரூ என்ற புரோகிராமை எழுதியவரையே இப்படி ஒரு மரக் கேள்வியால் கூகுள் எடுக்கவில்லை என்று 2015-ல் அவரே எழுதினாராம். நீ காலேஜில் இரண்டாம் வருடம் எழுதிக் கொடுத்த புரோகிராமில்தான் பட்டறையில் இன்றைக்கும் பில் போடுகிறோம். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது ஒரே ராத்திரியில் மாற்றிக் கொடுத்தாய். அதை யார் கேட்டார்கள்?

கம்பெனிக்காரர்களையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். பயோடேட்டாவை நம்பி ஆள் எடுத்து நானும் பட்டிருக்கிறேன். செய்யச் சொல்லிப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பட்டறைக்கு லேத்தில் இரும்பு கடைகிற டர்னர் வந்தால் படத்தையும் இரும்பையும் கொடுத்து ஒரு ஷாஃப்ட் கடையச் சொல்வோம். நாளைக்கு அவன் செய்யப்போகிற வேலை அதுதான். லேத் ஓடுகிற விதத்தை போர்டில் எழுதிக் காட்டச் சொன்னதில்லை.

தம்பி இன்னொன்றும் படித்துக் காட்டினான். 2020-ல் நார்த் கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து 48 மாணவர்களைச் சோதித்திருக்கிறார்கள். சிலர் தனி அறையில் எழுதினார்கள். மற்றவர்கள் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, வாய்விட்டு விளக்கிக்கொண்டே எழுதினார்கள். ஆள் பார்த்தபோது செய்த வேலை பாதிக்கும் கீழே போய்விட்டது. தனியாக எழுதிய பெண்கள் எல்லோரும் தேறினார்கள், ஆள் முன்னால் எழுதிய பெண்களில் ஒருவர்கூடத் தேறவில்லை. சின்னக் கூட்டம்தான், இருந்தாலும் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

பத்தாவதில் நீ கணக்குப் போடும்போது நாற்காலிக்குப் பின்னால் கைகட்டி நின்றவன் நான். பென்சில் நின்றால் "ம்" என்பேன். உடனே நீ எழுதியதை அழிப்பாய். சரியான விடையையும் அழித்திருக்கிறாய். எனக்குத் தெரிந்தது, பேசாமல் நின்றேன். "நகருங்க, அது போட்டுக்கும்" என்று அம்மா எத்தனை தடவை சொன்னாள். பட்டறையில் புதுப் பையன் கடையும்போது தள்ளிப் போய் டீ குடித்துவிட்டு வருவேன். பெற்ற பிள்ளையை அப்படி விடவில்லை.

அடுத்த தடவை வெறும் வயிற்றோடு போகாதே. வீட்டில் உட்கார்ந்து செய்து தருகிற மாதிரி வேலை கொடுப்பார்களா என்று கேட்டுப் பார். சில இடங்களில் கொடுக்கிறார்களாம், கேட்பதில் தப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. அம்மா எடுப்பாள். என்ன ஆச்சு என்று நான் கேட்க மாட்டேன். சாப்பிட்டுவிட்டுப் பண்ணு.

அப்பா