செயலாளரின் ஆண்டறிக்கை: ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். இன்று வர இயலாதவர்களுக்கு இந்த அறிக்கையின் பிரதி வீடு தேடி வரும். அவர்களும் படித்துப் பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

காசிமேட்டில் நம் சங்கம் சென்ற ஆண்டு செய்த வழக்கமான பணிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். சுதந்திர தினமும் குடியரசு தினமும் கொடியேற்றி, இனிப்பு வழங்கிக் கொண்டாடப்பட்டன. பொங்கல் கோலப்போட்டி நடந்தது. எரியாத தெருவிளக்குகள் குறித்து மாநகராட்சியில் மனு கொடுத்தோம். பெரும்பாலானவை இப்போது எரிகின்றன. அக்டோபர் மழையிலும் ஃபெஞ்சல் புயலின்போதும் தாழ்வான சந்துகளில் இருந்தவர்களுக்கு உணவுப் பொட்டலங்கள் கொடுத்தோம். மறைந்த உறுப்பினர்களின் இல்லங்களுக்குச் சென்று அஞ்சலி செலுத்தினோம்.

இனி, குழந்தைகளின் தோல் நோய்ப் பராமரிப்புப் பணி. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால், "சாக்கடை, தெருவிளக்கு, தண்ணீர் இவற்றைக் கவனிக்கத்தான் சங்கம், பிள்ளைகளின் சிரங்குக்கு ஆஸ்பத்திரி இருக்கிறது" என்று செயற்குழுவிலேயே ஒரு கருத்து எழுந்தது. அது இன்னும் அடங்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

நான் குழந்தைகள் வார்டில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். சாதாரணச் சிரங்கைச் சொறிந்து சொறிந்து, புண்ணாகிச் சீழ் வைத்து, அது ஆறி மூன்று நான்கு வாரம் கழித்துக் காலையில் முகம் வீங்கி, சிறுநீர் கறுத்துப் போய் வந்த பிள்ளைகளை வார்டில் பார்த்திருக்கிறேன். தோலில் புகுந்த கிருமியின் விளைவு சிறுநீரகத்தில் தெரியும் நிலை அது. அந்தப் பிள்ளைகளின் தாய்மார் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள்தான். மருத்துவர் மருந்து எழுதிக் கொடுத்துவிடுவார். அதை யார் யாருக்கு, எந்த இரவில், உடம்பில் எங்கெங்கே பூசுவது என்பது வீட்டில் நடக்கிற வேலை. வீடும் வீடும் ஒரே சுவரில் ஒட்டியிருக்க, நான்கு பிள்ளைகள் ஒரே பாயில் படுத்துறங்கும் நம் சந்துகளில் அது ஒரு வீட்டோடு முடிகிற வேலையும் அல்ல. தெருவே சேர்ந்து செய்தால்தான் முடியும். அதனால்தான் இது சங்கத்தின் வேலை என்கிறேன்.

சிரங்கு அழுக்கால் வருவதல்ல. கண்ணுக்குப் புலப்படாத ஓர் உண்ணி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறது. அதனால் வரும் நமைச்சல் இரவில்தான் அதிகம். விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, அக்குள் இவை அதற்குப் பிடித்த இடங்கள். கைக்குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலையில்கூட வரும். முதல் முறை தொற்றும்போது நமைச்சல் தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகிவிடும். ஆகவே வீட்டில் ஒரு பிள்ளை சொறியும்போது, சொறியாத மற்றவர்களிடமும் அது ஏற்கெனவே குடியேறியிருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டு இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. "போயும் போயும் சிரங்கா?" என்று கேட்ட உறுப்பினர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஐந்து மாதக் குழந்தை; உள்ளங்கை நிறையக் கொப்புளம். மருந்து பூசியாகிவிட்டது, மூன்று முறை பூசியும் திரும்பத் திரும்ப வருகிறது என்று தாய் அழுதாள். குழந்தையை மடியில் வைத்திருந்த பாட்டி, "பல் முளைக்கிற சூடு சிஸ்டர், வேறு ஒன்றுமில்லை" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே, கைவளையலை மேலே தள்ளிவிட்டுத் தன் மணிக்கட்டைச் சொறிந்தார். வளையலுக்குக் கீழே வரிசையாகச் சிறு சிறு பொரிகள். நான் எதுவும் சொல்லாமல் அவர் கையைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினேன். "இது எனக்கு வெகு நாளாக இருக்கிறதே" என்றார். மருந்தைக் குழந்தைக்கு மட்டும், அதுவும் கொப்புளம் தெரிந்த இடத்தில் மட்டும் பூசியிருக்கிறார்கள். இரவெல்லாம் குழந்தை பாட்டியின் பக்கத்தில்தான் உறங்கியிருக்கிறது.

இதற்கு வழி ஒன்றுதான். வீட்டிலுள்ள அத்தனை பேரும், நமைச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே இரவில் பூசிக்கொள்ள வேண்டும். மருத்துவர்கள் பெரும்பாலும் எழுதிக் கொடுப்பது 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பு. கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரலிடுக்கு, நக இடுக்கு, தொப்புள், தொடை மடிப்பு எதையும் விடாமல் பூச வேண்டும். கைக்குழந்தைக்குக் கண்ணையும் வாயையும் தவிர்த்துத் தலைக்கும் முகத்துக்கும் சேர்த்துப் பூச வேண்டும். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் உடம்பில் இருந்த பிறகு காலையில் குளிக்கலாம். இடையில் கை கழுவினால் கைக்கு மட்டும் மறுபடி பூச வேண்டும். பாத்திரம் கழுவும் தாய்மார் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பூச வேண்டும். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கும் கருவுற்ற பெண்ணுக்கும் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் பூசக் கூடாது.

இதில்தான் நம் பகுதிக்கென்று ஒரு சிக்கல் இருந்தது. ஆண்கள் பலர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர்கள். வீட்டில் எல்லோரும் பூசிக்கொண்ட மறுநாள் அப்பா கடலிலிருந்து சொறிந்துகொண்டு வருவார். நோய் மறுபடி தொடங்கும். யோசித்துப் பார்த்ததில் மீன்பிடித் தடைக்காலம்தான் சரியான நேரம் என்று தோன்றியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆண்களும் வீட்டில் இருப்பார்கள். கத்திரி வெயிலும் அப்போதுதான். லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்துப் பயன்படுத்தும் வீட்டில், "போர்வையையெல்லாம் வெந்நீரில் துவையுங்கள்" என்று சொல்வது எளிது, செய்வது கடினம். துவைக்க முடிந்ததைத் துவைத்து மொட்டைமாடி வெயிலில் காய வைக்கச் சொன்னோம். தலையணை, தொட்டில் சேலை போன்றவற்றைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி மூன்று நாளுக்கு மேல் ஒதுக்கி வைக்கச் சொன்னோம். மனித உடம்பை விட்டு வெளியே வந்த உண்ணி இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைப்பதில்லை.

சந்து சந்தாகப் பிரித்துக்கொண்டு, மருத்துவர் பார்த்து உறுதி செய்த வீடுகளில் ஒரே இரவை முடிவு செய்து பூச வைத்தோம். ஆண்கள் கூச்சப்பட்டார்கள். அவர்களிடம் நம் சங்கத்தின் மூத்த படகோட்டிகள் இருவர் பேசிய பிறகு கூச்சம் போனது. அந்த இருவருக்கும் என் தனிப்பட்ட நன்றி.

மருந்து பூசிய பிறகும் நமைச்சல் இரண்டு முதல் நான்கு வாரம் நீடிக்கலாம். உண்ணி செத்தாலும் தோல் உடனே அமைதியாவதில்லை. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்துத் தினமும் பூசிப் பிள்ளையின் தோலைப் புண்ணாக்கிவிடுகிறார்கள். நகத்தை ஒட்ட வெட்டி, தேங்காய் எண்ணெய் தடவிப் பொறுத்திருக்கச் சொன்னோம். புதிதாகப் பொரிகள் வந்தாலோ, நான்கு வாரம் கடந்தும் அடங்காவிட்டாலோ மறுபடி மருத்துவரிடம் அனுப்பினோம். ஒரு பள்ளியில் சிரங்கு வந்த சிறுமியை நாள்கணக்கில் தனி பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். முறையாகப் பூசிக் குளித்த மறுநாளே பிள்ளை வகுப்புக்கு வரலாம் என்று நேரில் போய் எடுத்துச் சொன்னேன். அவள் இப்போது தோழிகளோடு உட்காருகிறாள்.

படர்தாமரையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மருந்துக்கடையில் "வட்டமாக இருக்கிறது, ஒரு டியூப் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. இரண்டு நாளில் சிவப்பும் நமைச்சலும் தணியும். பூஞ்சை அடியில் பரவிக்கொண்டே இருக்கும். நிறுத்தினால் இரண்டு மடங்காக வெளியே வரும். குழந்தையின் தொடையிடுக்கில் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து நிரந்தரமாக வரி விழுந்துவிடும். மருந்துச் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்று 2018இலேயே அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆனாலும் நம் பகுதிக் கடை ஒன்றில் கேட்டவருக்கெல்லாம் கிடைக்கிறது. கடைக்காரரிடம் இருமுறை சொல்லியாகிவிட்டது. தலையில் முடி கொட்டி வட்டமாகச் செதில் விட்டால் அதற்குக் களிம்பு போதாது, உள்ளுக்கு மருந்து வேண்டும்; எண்ணெய் மாற்றிப் பார்த்து நாளைக் கடத்த வேண்டாம்.

கரப்பான், அதாவது எக்ஸிமா எனும் தோல் நோய் உள்ள பிள்ளைகளுக்கு மீன், முட்டை, கருவாடு எல்லாவற்றையும் நிறுத்திவிடும் வழக்கம் இங்கே வேரூன்றியிருக்கிறது. வீட்டிலேயே மீன் இருக்க, பிள்ளை ரசம் சாதம் மட்டும் சாப்பிட்டு இளைத்துப் போவதைப் பார்த்து மனம் பொறுக்கவில்லை. குறிப்பிட்ட ஓர் உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று மருத்துவர் சொன்னால் ஒழிய எதையும் நிறுத்த வேண்டாம். அந்தத் தோல் ஓட்டை விழுந்த குடம் போல ஈரத்தை நிறுத்தி வைக்காது. எனவே ஈரத்தைக் காப்பதுதான் முதல் சிகிச்சை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து பத்து நிமிடக் குளியல், தேய்க்காமல் ஒற்றித் துடைத்தல், உடம்பு முழுதும் காய்வதற்குள் வாசலின் அல்லது மருத்துவர் சொன்ன ஈரப்பசைக் களிம்பு. உடம்பு முழுக்கக் கரப்பான் உள்ள குழந்தைக்கு வாரத்துக்கு 250 கிராம்கூடத் தேவைப்படும். சிறிய டப்பா வாங்கிப் பொட்டு வைப்பது போல் தொட்டுத் தடவினால் பயன் இல்லை. மருத்துவர் ஸ்டீராய்டு எழுதியிருந்தால் அதற்கு அஞ்சவும் வேண்டாம்: பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய அளவு, விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவுள்ள தோலுக்குப் போதும்.

வாயைச் சுற்றித் தேன் நிறத்தில் பொருக்கு கட்டும் புண்ணை அக்கி என்று சொல்லிக் காவி எழுதிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றும் சீழ்ப்புண். பெரும்பாலும் ஆன்டிபயாடிக் வேண்டியிருக்கும். எழுதிய கையோடு மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். வேர்க்குரு, மழைக்காலச் சேற்றுப்புண், பேன் ஆகியவற்றையும் ஞாயிற்றுக்கிழமைகளில் கவனித்தோம்.

சங்கம் யாருக்கும் மருந்து கொடுக்கவில்லை, நோய் இன்னதென்று சொல்லவும் இல்லை. அதை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஸ்டான்லி மருத்துவமனையிலும் மருத்துவர்கள் செய்தார்கள். நாங்கள் கூட்டிக்கொண்டு போனோம், பூசக் கற்றுக் கொடுத்தோம், ஒரு வாரம் கழித்து மறுபடி கதவைத் தட்டினோம். சங்கத்துக்கு வம்பு வந்து சேரும் என்று அஞ்சியவர்களுக்கு இந்த விளக்கம் போதும் என்று நினைக்கிறேன்.

இப்போது சொல்லத் தயக்கமாக இருப்பதைச் சொல்கிறேன். செயற்குழுக் கூட்டங்களில் பாதிக்கு மேல் போதிய உறுப்பினர் வராததால் ஒத்திவைக்கப்பட்டன. ஞாயிற்றுக்கிழமைப் பணிக்குப் பெயர் கொடுத்தவர்களில் பலர் முதல் வாரத்துக்குப் பிறகு வரவில்லை. தொடர்ந்து வந்தவர்கள் பெரும்பாலும் உறுப்பினர்கள் அல்லாத பெண்கள். மீன் விற்றுவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்தார்கள். ஆண்டுச் சந்தாவில் ஏறத்தாழ பாதி நிலுவையில் உள்ளது. தடைக்காலத்தில் வருமானம் இல்லாத வீடுகளை நான் குறிப்பிடவில்லை. அவர்களில் பலர் தவணையாகவாவது கட்டிவிட்டார்கள். வசதி இருந்தும், "அடுத்த மாதம் பார்க்கலாம் அம்மா" என்று தொடர்ந்து சொல்லி வருபவர்களைத்தான் சொல்கிறேன். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் நாங்கள் நகம் வெட்டியிருக்கிறோம்.

வரவு செலவைப் பொறுத்தவரை, சந்தா, நன்கொடை, பொங்கல் வசூல் ஆகியவை வரவு. கொடியேற்றம், மழைக்கால உதவி, சோப்பு, நகவெட்டி, வாசலின், அச்சுச் செலவு ஆகியவை செலவு. செலவு வரவை ஒட்டியே இருக்கிறது, கையிருப்பு சொற்பம். விவரமான கணக்கைப் பொருளாளர் வைத்திருக்கிறார், விரும்புவோர் பார்க்கலாம். தோல் நோய்ப் பணிக்கான செலவில் பெரும்பகுதி நன்கொடையாக வந்தது என்பதை மட்டும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

வழிநடத்திய தலைவருக்கும், கணக்கைப் பார்த்துக்கொண்ட பொருளாளருக்கும், சுகாதார நிலைய மருத்துவர்கள், செவிலியர்களுக்கும், அங்கன்வாடி ஊழியர்களுக்கும், கூடத்தை வாடகையின்றித் தந்தவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டு குறித்து ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தப் பொறுப்பில் நான் தொடர்வதா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். தொடர்ந்தாலும் இல்லாவிட்டாலும், தடைக்காலம் ஏப்ரல் 15 அன்று தொடங்கிவிடும். போன ஆண்டு விட்டுப்போன சந்துகளுக்கு இந்த முறை போக வேண்டும். சந்துக்கு இரண்டு பேர் வேண்டும். அதில் ஒருவர் ஆணாக இருந்தால் நல்லது. படிப்பு எதுவும் தேவையில்லை, பூசும் முறையை நான் கற்றுக் கொடுக்கிறேன். ஏப்ரல் முதல் வாரத்துக்குள் பெயர் கொடுங்கள். நிலுவைச் சந்தாவையும் அப்போதே கட்டிவிட்டால், சோப்புக்கும் வாசலினுக்கும் மறுபடி வெளியாரிடம் கேட்க வேண்டியிருக்காது. இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்