காட்டெருமையை யார் உட்கார்ந்து பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. இடது கொம்பு முனை உடைந்த ஒரு ஆண் காட்டெருமை வாரத்தில் நாலு நாள் வாசலில் வந்து நிற்கிறது. வனத்துறையினர் வந்து விரட்டுகிறார்கள், மறுநாள் அதே மாடு அதே வாசலில். மந்தையை விட்டு இது மட்டும் ஏன் தனியாகத் திரிகிறது, ஆள் எத்தனை அடி நெருங்கினால் முட்ட வரும் என்றெல்லாம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். யாராவது நாலைந்து வருடம் பின்னாலேயே நடந்து பார்த்திருந்தால்தானே சரியான பதில் கிடைக்கும்?

நான் எம்.எஸ்சி. விலங்கியல் படித்தபோது பஸ் ஸ்டாண்டு குரங்குகளைக் கவனித்து புராஜெக்ட் செய்கிறேன் என்று கேட்டேன். "வேடிக்கை பார்ப்பதெல்லாம் ஆராய்ச்சி இல்லை, லேபுக்குப் போ" என்றுவிட்டார் என் வழிகாட்டி. இன்றுவரை அந்த வருத்தம் போகவில்லை.

வேடிக்கை பார்ப்பதா? தேனீயின் நடனத்தைப் பார்த்துப் பார்த்தே அதன் பொருளைக் கண்டுபிடித்த கார்ல் வான் ஃபிரிஷுக்கு, அவரைப் போலவே விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த லோரன்ஸ், டின்பெர்கன் ஆகியோரோடு 1973இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் விலங்கு நடத்தைக்கென்றே தனித் துறை இருந்தது. வெளிச்சம் படாத குகைக்குள் கூண்டில் வைத்த வௌவால்கள்கூட, மற்ற வௌவால்கள் வெளியே போய்வருவதை வைத்தே பொழுதைத் தெரிந்துகொள்கின்றன என்று எம்.கே. சந்திரசேகரன் குழுவினர் அங்கேதான் காட்டினார்கள்.

அப்புறம் மூலக்கூறு உயிரியல், பயோடெக் பக்கம் காற்று திரும்பியது. உதவித்தொகை முடிவதற்குள் கட்டுரை வெளியிட வேண்டிய மாணவர், காலம் பிடிக்கிற வேலையை எப்படி எடுப்பார்? லேப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாணத்தில் டி.என்.ஏ. எடுத்தால் எந்த மாடு என்று தெரிந்துவிடும். ஆனால் அது விடியற்காலையில் எந்தப் பாதையில் இறங்கியது, நாய் குரைத்ததும் என்ன செய்தது என்பது அந்தச் சாணத்தில் இருக்காது.

உதகை அரசு கலைக் கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் சொல்லித்தருகிறார்கள். கோத்தகிரி மந்தை ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு செட் மாணவர்கள் எழுதிய நோட்டை அடுத்த செட் வாங்கித் தொடர்ந்து எழுதட்டும். பல்கலைக்கழகம் அதற்கு மதிப்பெண் போடட்டும். எந்த மாடு எந்த நேரத்துக்கு வரும் என்று கொழுந்து பறிக்கும் அக்காமார்களுக்கு அத்துப்படி, கேட்டால் சொல்வார்கள். தங்குவதற்கு எங்கள் வீட்டில் ஒரு அறை காலியாகத்தான் இருக்கிறது.

ஒரு வாசகர், கோத்தகிரி