இத்தாலிய ஸ்டிலெட்டோ: முத்திரையை நம்ப வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்டிலெட்டோ என்பது பொத்தானை அழுத்தினால் அலகு தானே விரியும் ஒல்லியான மடக்குக் கத்தி. இத்தாலியின் மனியாகோ ஊரில் செய்த இத்தகைய பழைய ஸ்பிரிங் கத்திகளைச் சேகரிப்போர் பலர், 'இத்தாலி' முத்திரையைக் கண்டதுமே பணத்தை நீட்டிவிடுகிறார்கள். அது ஆசிய நகல்களிலும் உண்டு. விரிந்த அலகை மடங்காமல் பிடிக்கும் பூட்டைப் பாருங்கள்: அலகின் அடியில் சிறு நெம்புகோலைத் தூக்கி விடுவிப்பது பழைய பாணி, பிடியில் அலகுப் பக்கமுள்ள உலோக முனைப்பூணையே சாய்ப்பது பிந்தையது. அலகை விரித்து மெல்ல அசையுங்கள். மேலும் கீழும் ஆடினால், பூட்டுத் துளையோ அதில் பொருந்தும் முளையோ தேய்ந்திருக்கும். பூட்டை விடுவிக்காமல் வலுக்கட்டாயமாக மடக்குவதும் இதற்கு ஒரு காரணம்.

செல்லுலாய்டு எனும் பழைய வகை பிளாஸ்டிக்கால் ஆன பிடிதான் பெருந்தொல்லை. சிதையும்போது அது கக்கும் அமில ஆவி பக்கத்துக் கத்தியையும் துருவேற்றும். காற்றோட்டமுள்ள இடத்தில் தனியே வையுங்கள். மூடிய டப்பாவில் சிதைவு வேகமெடுக்கும். கொம்புப் பிடிக்கோ வறட்சி ஆகாது, வெடித்துவிடும்.

இப்படிக்கு,
வாசகர்கள் இருவர்