வாடகை தவணையைக் கட்டுமா? பக்கத்து வீட்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடன் வாங்கி ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டால், வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்ற பேச்சு சொத்து விளம்பரங்களிலும் அவற்றை ஒட்டி வரும் ஆலோசனைப் பத்திகளிலும் ஓயாமல் வருகிறது. ஐம்பது வீடு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஒன்றிரண்டு வீட்டோடு நிற்கும் சிறு முதலீட்டாளருக்குப் பொருந்துவது அபூர்வம். அவருடைய தவணைத் தேதி அசையாது. வாடகையோ தெருவின் கையில் இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சாக்கடை அடைத்துக்கொண்டால்கூட அடுத்த தவணைக்கு அவர் கைமாற்றுத் தேட வேண்டி வரும். கடன் கணக்குப் போடுகிறவர்கள் தெருவைப் பார்ப்பதில்லை. தெருவைப் பார்க்கிறவர்கள் கடன் கணக்குப் போடுவதில்லை. இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

முதலில் கடன். 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு வாங்கினால், ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ 900. ஆண்டுக்கு 10,800. வட்டி 9 தானே என்று மனதில் வைத்திருப்பவரின் கையை விட்டு உண்மையில் போவது ஆண்டுக்குக் கடனில் 10.8 சதவீதம். வீட்டு விலையில் 80 சதவீதத்தைக் கடனாக வாங்கியவர், அந்த விலையில் 8.64 சதவீதத்தை ஆண்டுதோறும் தவணையாகக் கட்டுகிறார். அந்த வீட்டின் ஆண்டு வாடகை விலையில் 4 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம்கூடக் காலி இல்லாமல் முழு வாடகை வந்தாலும் தவணையில் பாதி தேறாது.

முழு வாடகை எங்கே வருகிறது? ஆண்டில் ஒரு மாதம் காலி என்றாலே 8.3 சதவீதம் போய்விட்டது. பழுதுபார்க்க ஒரு 10, வரிக்கும் காப்பீட்டுக்கும் குடியிருப்புச் சங்கச் சந்தாவுக்கும் ஒரு 8, குடித்தனம் மாறும்போது வெள்ளையடிப்பு, தரகு, ஒப்பந்தச் செலவு என்று ஒரு 4. நூறு ரூபாய் வாடகையில் எழுபது நின்றால் அது நல்ல வீடு. குழாயும் மின்கம்பியும் பழசான வீட்டில் அறுபதே பெரிது. நிறுவனத்துக்குக் காலி வீடு என்பது சராசரி. ஐம்பதில் நாலு காலி, அவ்வளவுதான். ஒரே வீட்டுக்காரருக்குச் சராசரி என்று ஒன்று கிடையாது. வீடு காலியானால் அந்த மாதம் அவருடைய வரவு முழுவதும் காலி.

வீடு தாங்கக்கூடிய கடனை ஒரு வரியில் கணக்கிடலாம். ஆண்டு வாடகையில் 70 சதவீதத்தை எடுங்கள். ஒரு மூச்சுவிடும் இடைவெளி வேண்டும் என்பதால் அதை 1.25-ஆல் வகுங்கள். வருவதை 0.108-ஆல், அதாவது மேலே வந்த 10.8 சதவீதத்தால், வகுங்கள். மேலே சொன்ன 4 சதவீத வாடகை வீட்டுக்கு விடை, விலையில் சுமார் 21 சதவீதம். வாடகை 6 சதவீதமாக இருந்தால் 31. 80 சதவீதக் கடனுக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். மீதியைச் சம்பளத்திலிருந்து போட்டுக் கட்டுவேன் என்பவர் தாராளமாகக் கட்டலாம். ஆனால் அதற்குப் பெயர் சம்பளம் கட்டும் வீடு. வேலை போன மாதமும் வீடு காலியான மாதமும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது என்று வாங்கும் முன்பே யோசித்து வைத்திருக்க வேண்டும். 10.8 என்ற எண் 9 சதவீதம், 20 ஆண்டுக்கு மட்டும்தான். உங்கள் வட்டிக்கும் ஆண்டுக்கும் உரிய எண் வேண்டுமானால், ஒரு லட்சத்துக்கான மாதத் தவணையைக் கடன் கொடுப்பவரிடமே கேட்டு 12-ஆல் பெருக்கி, ஒரு லட்சத்தால் வகுத்தால் கிடைத்துவிடும்.

மாறும் வட்டியில் வாங்கியவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. வட்டி ஏறியதும் பல இடங்களில் தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டிவிடுகிறார்கள். கட்டும் தொகை மாறாததால் கடன் வாங்கியவருக்கு வலி தெரிவதில்லை. 9-இலிருந்து 10 ஆனால், அதே 900-ஐக் கட்டிக்கொண்டிருக்கும் 240 மாதக் கடன் 314 மாதமாகிறது: ஆறு ஆண்டுக்கு மேல் கூடுதல். தொடக்கத்திலேயே 11-ஐத் தொட்டுவிட்டால் மாத வட்டியே 917. 900 கட்டினால் வட்டிக்கே போதாமல் கடன் வளரத் தொடங்கும். எனவே வட்டி மாறிய கடிதம் வந்த அன்றே, மீதி எத்தனை மாதம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் காலத்தை அப்படியே வைத்துத் தவணையை ஏற்றச் சொல்லுங்கள்.

தவணை கட்டக் கட்ட வீடு நம்முடையதாகிக்கொண்டே வருகிறது என்பதும் முதல் சில ஆண்டுகளுக்குப் பாதிப் பொய். அந்த 9 சதவீதக் கடனில் முதல் தவணை 900-இல் 750 வட்டி, 150 மட்டுமே அசல். ஐந்து ஆண்டில் ஏறத்தாழ 54,000 கட்டியபின்னும், ஒரு லட்சத்தில் 88,700 பாக்கி நிற்கும். இங்கேதான் தெரு உள்ளே வருகிறது. வீட்டு விலையில் 90 சதவீதம் கடன் வாங்கியவர் ஐந்தாம் ஆண்டில் விற்கிறார், அதற்குள் தெருவின் மவுசு போய் விலை 20 சதவீதம் இறங்கிவிட்டது, விற்கும் செலவு 5 சதவீதம். கைக்கு வருவது வாங்கிய விலையில் 76 சதவீதம். கடன் பாக்கி 80. வீட்டையும் கொடுத்துவிட்டு, கையிலிருந்து அந்த விலையில் 4 சதவீதத்தையும் எடுத்துவைக்க வேண்டும். 80 சதவீதம் வாங்கியவருக்குப் பாக்கி 71, தப்பித்துக்கொள்வார்.

தெருவின் மவுசு போவது புயல் மாதிரி ஒரே நாளில் நடப்பதில்லை. பூட்டிக் கிடக்கும் ஒரு வீடு போதும். மதிப்பீட்டாளர் உங்கள் வீட்டின் மதிப்பை அக்கம்பக்கத்தில் அண்மையில் விற்ற வீடுகளோடு ஒப்பிட்டுத்தான் போடுகிறார். பக்கத்து வீடு கடன் கட்ட முடியாமல் அடிமாட்டு விலைக்குப் போயிருந்தால், அந்த விலை உங்கள் தாளிலும் ஏறும். நீங்கள் புதுப் பளிங்கு போட்டிருந்தாலும் சரி. மறுகடன் வாங்கிப் பழைய கடனை அடைக்கலாம் என்ற திட்டத்தோடு, ஐந்தாண்டு முடிவில் மொத்தப் பாக்கியையும் கேட்கும் குறுகிய காலக் கடனில் இறங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். சிறு முதலீட்டாளர் அந்த வகைக் கடனைத் தொடாமல் இருப்பது நல்லது. வீடு வாங்கக் கையிலிருந்து போட வேண்டிய முன்பணத்துக்குத் தனிநபர் கடன் வாங்குவதும், குடியிருக்கும் சொந்த வீட்டைச் சேர்த்து அடகு வைப்பதும் அதே ரகம். ஒரு வீட்டுச் சிக்கல் இரண்டு வீட்டையும் இழுத்துக்கொண்டு போகும்.

சொந்தக் குடியிருப்புக்கு என்று சொல்லி வட்டியைக் குறைத்து வாங்கிவிட்டு, பிறகு வாடகைக்கு விடும் வழக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். தெரிந்தே பொய்யான தகவல் கொடுத்த கடன் அது. கண்டுபிடித்தால் முழுப் பாக்கியையும் உடனே கேட்கும் உரிமை ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இருக்கும். காப்பீட்டிலும் அப்படியே. உரிமையாளர் குடியிருப்பதாக எழுதிய பாலிசி, குடித்தனக்காரர் இருக்கும்போது நடந்த தீ விபத்துக்குக் கைகொடுக்காமல் போகலாம். பல பாலிசிகளில் வீடு 30 அல்லது 60 நாள் தொடர்ந்து காலியாக இருந்தால் திருட்டு, நீர்க்கசிவு போன்றவற்றுக்குப் பாதுகாப்பு குறையும் அல்லது நிற்கும். காலி வீட்டில்தான் குழாய் வெடித்தால் பார்க்க ஆளிருக்காது. குடித்தனம் காலி செய்த அன்றே பிரதான வால்வை மூடிவிட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

வாங்கும் முன் வீட்டைப் பார்ப்பதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது தெருவுக்குக் கொடுங்கள். வேலைநாள் காலை ஒரு முறை, இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறை, நல்ல மழை விட்ட அரை மணியில் ஒரு முறை. மூன்றாவதுதான் மிக முக்கியம். சுற்றுச்சுவர்களின் அடியில் ஒரே மட்டத்தில் ஓடும் கறைக்கோடு, தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதை உரிமையாளரைவிட நேர்மையாகச் சொல்லும். தெருவில் தொங்கும் டு-லெட் போர்டுகளை எண்ணி வைத்து, ஒரு மாதம் கழித்து எத்தனை அப்படியே இருக்கின்றன என்று பாருங்கள். தரகர் சொல்லும் வாடகை, கேட்கும் வாடகை. கொடுக்கும் வாடகை குடித்தனக்காரர்களிடம்தான் தெரியும். பத்திரத்தில் உள்ள அளவை டேப் போட்டு அளந்து, சந்தேகம் வந்தால் சர்வேயரை வைத்து எல்லைக்கல்லைக் காட்டச் சொல்லுங்கள். வழி உரிமை, தண்ணீர் போகும் உரிமை, பொதுச்சுவர் யாருடையது என்பவை பத்திரத்தில் இல்லாமல் வாய்ப்பேச்சில் இருந்தால், அது நாளைய வழக்கு.

அக்கம்பக்கத் தகராறுகளில் நீர்தான் தலையாயது. வீட்டுச் சுவரை ஒட்டிய தரை, முதல் 3 மீட்டருக்குள் சுமார் 15 செ.மீ. வெளிப்பக்கம் இறங்க வேண்டும். இரண்டு வீட்டுக்கு இடையே ஒரு மீட்டர்கூட இல்லாத சந்தில் அந்தச் சரிவு கிடைக்காது. அங்கே வாய்க்கால் வெட்டி விடுவதைத் தவிர வழியில்லை. சுவரில் ஓதம் ஏறினால் குடித்தனக்காரர் மீது பழி போடும் முன் உயரத்தைப் பாருங்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்கு மேல் போகாது. அதற்கு மேலே திட்டுத்திட்டாகத் தெரிந்தால் குழாய்க் கசிவு, அல்லது அடுத்த பக்கத்திலிருந்து ஊறுகிறது. பக்கத்து வீட்டார் உங்கள் சுவரை ஒட்டி மண்ணைக் கொட்டிச் செடி வைத்திருப்பார்கள். தரை ஈரம் ஏறாமலிருக்கச் சுவரின் அடியில் போட்டிருக்கும் ஈரத்தடுப்புப் படலத்துக்கு மேலே அந்த மண் போனதும் சுவர் குடிக்கத் தொடங்கும். வெளித்தரை அந்தப் படலத்துக்கு 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும். இன்னும் குழப்பமாக இருந்தால், ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப்பால் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் அறைப்பக்கம் வியர்த்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம். சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. கழிவுநீர் யாருடைய குழாயிலிருந்து வருகிறது என்ற சண்டையை, இருவர் சம்மதத்தோடு உணவு நிறத்தைக் கரைத்து ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக ஊற்றிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம். வக்கீல் நோட்டீஸை விட மலிவு.

பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும், உங்கள் சுவர், தளம், கூரை எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து அவர்களுக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள விரிசல்களின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். 1 மி.மீ.க்குள் மயிரிழையாக நிற்பது பூச்சு விரிசலாக இருக்கும். 5 மி.மீ.யைத் தாண்டினாலோ, கோட்டைக் கடந்து வளர்ந்தாலோ, கதவு சட்டத்தில் இடித்தாலோ கட்டுமானப் பொறியாளரை அழைத்தாக வேண்டும். வேலை தொடங்கிய பின் எடுத்த படத்துக்கு மதிப்பில்லை. ‘இது முன்பே இருந்தது’ என்ற ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

நம் குடித்தனக்காரரே தெருவுக்குத் தொல்லையாக இருப்பதும் உண்டு. வீட்டு உரிமையாளர்கள் இதைக் கேட்க விரும்புவதில்லை. எத்தனை வண்டி, எங்கே நிறுத்துவது, குப்பை எந்த நேரம் வெளியே வைப்பது, உள்வாடகை கூடாது என்பவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். பின்னால் சொன்னால் சண்டை. உள்ளாட்சி விதி ஒரு வீட்டைப் பல அறைகளாகப் பிரித்து விடுவதை அனுமதிக்கிறதா என்று முன்பே கேளுங்கள். தொல்லைக்கான அபராதம் பல இடங்களில் உரிமையாளர் பெயருக்குத்தான் வரும், கட்டாவிட்டால் சொத்தின் மீது ஏறும். இரண்டு பக்கத்து வீட்டாரிடமும் உங்கள் கைப்பேசி எண் இருக்கட்டும். மேல்நிலைத் தொட்டி வழிவதை முதலில் பார்ப்பது அவர்கள்தான்.

பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீட்டுக்கு மட்டும் தொலைபேசி உதவாது. பதிவு ஆவணத்தில் உரிமையாளர் முகவரியைத் தேடி, படங்களோடு பதிவுத் தபாலில் எழுதுங்கள். பதில் இல்லையென்றால் உள்ளாட்சியின் சுகாதாரப் பிரிவுக்கு எழுதிப் புகார் எண் வாங்குங்கள். தெருவில் நாலு வீட்டார் ஒரே புகாரில் கையெழுத்திட்டால் கோப்பு நகர்கிறது. அந்த வீடு அடகில் இருந்தால் கடன் கொடுத்தவருக்கும் ஒரு பிரதி அனுப்பலாம். அடகுச் சொத்து பாழாவது அவருக்கும் நட்டம்.

இவை எல்லாவற்றுக்கும் கையில் பணம் வேண்டும். வாங்கும் அன்றே ஆறு மாதத் தவணையும், கூரை அல்லது கழிவுநீர்க் குழாய் போன்ற ஒரு பெரிய பழுதுக்கான தொகையும் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். குடித்தனக்காரர் கொடுத்த முன்பணத்தை இதில் சேர்க்கக் கூடாது. அது திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம், அதுவும் சரியாக வீடு காலியாகும் மாதத்தில்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். சொத்துப் பக்கத்தில் வாடகை வருமானச் சதவீதத்தை அச்சிடும்போது, செலவு கழித்த சதவீதத்தையும், அன்றைய வட்டியில் ஒரு லட்சத்துக்கான ஆண்டுத் தவணையையும் பக்கத்திலேயே போடுங்கள். இரண்டே எண்கள். மீதிக் கணக்கை வாசகர்கள் தாங்களே போட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்